உபவாசமும் மறதி நோயும்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் ஷிப்டு நேரத்தைப் பார்த்தே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின், வீட்டில் தனித்திருக்கும் முதியவர் உண்டாரா, உண்ண மறந்தாரா என்று அறிவார் இல்லை. இத்தகைய ஊரில், பட்டினி கிடந்தால் மறதி நோய் தீரும் என்னும் பேச்சு பரவுமாயின், விளையும் தீமையைச் சொல்லவும் வேண்டுமோ? சாஸ்திரம் உண்மையில் கூறுவது யாது என்பதை ஆராய்வோம்.

1906-ல் ஜெர்மன் வைத்தியர் அலாய்ஸ் அல்சைமர், தம் பெயரால் பின்னர் வழங்கலாயிற்றே, அந்நோயை முதன்முதல் விவரித்தார். நோயுற்ற மூளையில் கழிவுப் புரதங்கள் திரண்டு நிற்கின்றன. நம் உடலின் உயிரணுக்கள் பழுதான பொருள்களைத் தாமே சிதைத்து மீண்டும் பயன்படுத்தும் ஆற்றலுடையவை. இதற்கு ஆட்டோபேஜி, அதாவது தன்னுண்ணல், என்று பெயர். ஈஸ்ட்டில் இதனை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 2016-ல் நோபல் பரிசு பெற்றார். உணவு குறையின் இத்துப்புரவு விரைவுபெறும். சிறிது காலம் உணவு நிறுத்தப்பட்ட சுண்டெலிகளின் மூளையிலும் இது நிகழ்ந்ததென 2010-ல் ஓர் ஆராய்ச்சி தெரிவித்தது.

ஆனால் அல்சைமர் நோயில், சிதைக்கப்படாத கழிவு நரம்பணுக்களிலேயே தேங்கிவிடுகிறது. வாய்க்கால் அடைபட்டிருக்கையில் மதகைத் திறப்பதால் மட்டும் பயன் உண்டோ? சுண்டெலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அமெரிக்காவில் மறதி நோயற்ற, பருத்த உடலினரான 604 முதியோரிடம் மூன்றாண்டு நடந்த சோதனையின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இரு பிரிவினருக்கும் உணவின் அளவு சிறிது குறைக்கப்பட்டது. ஒரு பிரிவினர் மூளைக்கு உகந்ததென்று வகுத்த உணவை உண்டனர். ஆயினும் அவர்களுக்குத் தனிச் சிறப்பான நன்மை எதுவும் காணப்படவில்லை.

நோயுற்றவரோ தாமாகவே மெலிகிறார். அவரைப் பட்டினி போடுவது வைத்தியமன்று, கொடுமை. காந்தியடிகள் மனமுவந்து ஏற்ற உபவாசம் வேறு. கேட்க வாயற்ற முதியவர்மேல் பிறர் சுமத்தும் பசி வேறு.

60 வயது கடந்த இந்தியரில் சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவுக்கு ஆளாகியுள்ளனர் என்பது 2023-ல் வெளியான மதிப்பீடு. இரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேளாமை, தனிமை உள்ளிட்ட 14 காரணங்களை நீக்கினால், உலகில் நூற்றுக்கு 45 பேருக்கு இந்நோயைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என்று 2024-ல் லான்செட் குழுவினர் கணித்தனர். இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டிற்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. அதனைப் பயன்படுத்துவது நம் பொறுப்பு.

தனிமைக்கு மருந்து மாத்திரையில் இல்லை. வார்டுதோறும் முதியோர் பகற்காப்பகம் அமைத்து, நண்பகலில் சூடான உணவளிக்க மாநகராட்சியும் தொழிலதிபர்களும் முன்வர வேண்டும். 1932-ல் கொடி காத்து உயிர் நீத்த குமரனின் ஊரில், பெற்றோரைப் பசியினின்று காக்க இயலாதா?