மூவரா, ஒருவரா?

ஏசு கடவுளா, கடவுள் அனுப்பியவரா? ரோமப் பேரரசை உலுக்கிய சர்ச்சை கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் காசி மலையிலும் புதிய சபைகளைப் பிறப்பித்தது.

வேலை ஒரு வேற்றுமை உருபில் நின்றுபோனது. 1821 வாக்கில் கல்கத்தாவில் மூன்று பேர் நற்செய்தி நூல்களை வங்காளியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். வில்லியம் ஆடம், வில்லியம் யேட்ஸ் இருவரும் பாப்டிஸ்ட் மிஷனரிகள். மூன்றாமவர் ராம்மோகன் ராய். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் ஒரு சின்னஞ்சிறு கிரேக்கச் சொல்லை எப்படிப் பெயர்ப்பது? எல்லாம் அவரால் உண்டானதா, அவர் வழியாக உண்டானதா? முதலாவது சரியென்றால் ஏசுவே படைத்தவர். இரண்டாவதென்றால் படைத்தவர் வேறு, ஏசு அவரது கருவி.

யேட்ஸ் விலகிக்கொண்டார். ஆடமோ ‘வழியாக’ என்ற பக்கம் சாய்ந்தார். சில மாதங்களில் திரித்துவக் கோட்பாட்டையே கைவிட்டார். பிராமணரைக் கிறிஸ்தவராக்குவார் என்று எதிர்பார்க்கப்பட்ட மிஷனரியைப் பிராமணர் மாற்றிவிட்டார் என்று கல்கத்தா கிசுகிசுத்தது. ‘வீழ்ந்துபோன இரண்டாம் ஆதாம்’ என்று அவருக்குப் பட்டப்பெயரும் கிடைத்தது.

திரித்துவம் என்பது பெரும்பான்மைக் கிறிஸ்தவ சபைகளின் அடித்தளம். கடவுள் ஒருவரே, ஆனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாக இருக்கிறார். மூவரும் சமம், மூவரும் நித்தியம். கத்தோலிக்கர், சிரியன் கிறிஸ்தவர், புராட்டஸ்டன்ட் சபைகளில் மிகப் பெரும்பாலோர் இதில் ஒன்றுபடுகிறார்கள். ஆனால் ‘திரித்துவம்’ என்ற சொல் பைபிளில் எங்கும் இல்லை. சர்ச்சைக்கு அங்கேதான் விதை.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் ஆரியஸ் என்ற குரு, மகனுக்கு ஒரு தொடக்கம் உண்டு, அவர் படைக்கப்பட்டவர் என்று போதித்தார். பேரரசர் கான்ஸ்டன்டைன் 325ல் நைசியாவில் ஆயர்களைக் கூட்டினார். மகன் தந்தையோடு ஒரே சாரம் கொண்டவர் என்று அங்கே தீர்மானமாயிற்று. ஆரியஸ் நாடு கடத்தப்பட்டார். ஆனால் காற்று மாறி மாறி அடித்தது. நைசியாவின் பெரும் காவலரான அத்தனாசியஸையும் பேரரசர்கள் ஐந்து முறை நாடு கடத்தினார்கள். 381ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் பரிசுத்த ஆவியின் இடத்தையும் உறுதிசெய்து கோட்பாட்டுக்கு முழு வடிவம் தந்தது. நைசியா சங்கத்தின் 1,700வது ஆண்டை 2025ல் உலகச் சபைகள் சேர்ந்தே கொண்டாடின.

மறுத்தவர்களுக்குக் கொண்டாட்டம் ஏதும் இருக்கவில்லை. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் மைக்கேல் செர்வேட்டஸ் 1553ல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். தண்டித்தது கத்தோலிக்க விசாரணை மன்றமல்ல, கால்வினின் புராட்டஸ்டன்ட் நகரம். ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களில் ஒருவரும் ‘கடவுள் ஒருவரே, ஏசு மனிதர்’ என்று போதித்த யூனிட்டேரியன் போதகருமான ஜோசப் பிரீஸ்ட்லியின் வீட்டை 1791ல் பர்மிங்ஹாமில் ஒரு கும்பல் தீக்கிரையாக்கியது. பிரெஞ்சுப் புரட்சியை அவர் ஆதரித்ததும் அதற்கு ஒரு காரணம். திரித்துவத்தை மறுப்பது பிரிட்டனில் 1813 வரை சட்டப்படி குற்றம்.

அந்த 1813ல்தான் மெட்ராஸ் புரசைவாக்கத்தில் ஒரு சிறிய யூனிட்டேரியன் கோயில் எழுந்தது. எழுப்பியவர் வெள்ளைக்காரர் அல்ல. திருவேங்கடம் என்ற பெயரில் வேளாளராகப் பிறந்து, இங்கிலாந்துக்குச் சென்று அங்கே ஞானஸ்நானம் பெற்று வில்லியம் ராபர்ட்ஸ் ஆன தமிழர். பிரீஸ்ட்லி போன்றோரின் எழுத்துகள் அவர் கைக்குக் கிடைத்தன. ஊர் திரும்பி 1795லேயே ஒரு சபையைத் தொடங்கிவிட்டார். மிஷன் பணமோ அரசு ஆதரவோ இல்லாமல் தொடங்கிய சபை அது. ராபர்ட்ஸ் 1838ல் மறைந்த பிறகும் அது நீடித்தது.

கல்கத்தாவில் சண்டை அச்சில் நடந்தது. 1820ல் ராய், நற்செய்திகளிலிருந்து ஏசுவின் அறபோதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். அற்புதங்களும் ஏசுவின் தெய்வீகம் பற்றிய பகுதிகளும் அதில் இல்லை. செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் கொதித்தார். ஏசுவை வெறும் நீதிபோதகராகச் சுருக்கினால் மீட்பு எங்கே என்பது அவர் கேள்வி. ராய் மூன்று ‘விண்ணப்பங்கள்’ எழுதிப் பதில் சொன்னார். மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்தது. ராய் அசரவில்லை. சொந்தமாக ஓர் அச்சகம் வைத்து 1823ல் வெளியிட்டார்.

மூன்றாவது பொறி வடகிழக்கில். காசி மலையில் வேல்ஸ் நாட்டு மிஷனரிகள் 1841 முதல் வேரூன்றியிருந்தார்கள். காசி மொழிக்கு ரோமன் எழுத்தைத் தந்தவர்களும் அவர்களே. அவர்கள் சபையில் சேர்ந்த ஹஜோம் கிஸ்ஸோர் சிங் என்ற இளைஞர், பைபிளைப் படிக்கப் படிக்கச் சபையின் கோட்பாடுகளிலிருந்து விலகினார். நரக பயம் அவருக்கு ஒத்துவரவில்லை. கல்கத்தாவிலிருந்த அமெரிக்க யூனிட்டேரியன் சார்லஸ் டாலுக்கு எழுதிப் புத்தகங்கள் வரவழைத்தார். 1887 செப்டம்பர் 18 அன்று ஜோவாயில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு முதல் வழிபாட்டை நடத்தினார். கடவுளைத் தந்தை என்பதோடு தாய் என்றும் அழைத்தது அந்தச் சபை. தாய்வழிச் சமூகமான காசிகளுக்கு அது அந்நியமாகப் படவில்லை. மேகாலயாவிலும் அசாமின் மலைகளிலும் இன்றும் அதன் கோயில்கள் உண்டு.

இந்த மூவரில் ராய் கிறிஸ்தவராகவே ஆனதில்லை. ஒருவரையொருவர் பின்பற்றியவர்களும் இல்லை. ஆனால் மூவரும் மிஷனரிகள் கொடுத்த அதே பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றார்கள்.

அவர்கள் பக்கத்து வாதம் எளிது. ஏசு யூதர். ‘மெசியா’ என்றால் அபிஷேகம் பெற்றவர் என்று பொருள். யூதர்கள் எதிர்பார்த்தது தாவீதின் வம்சத்தில் வரும் ஒரு மீட்பரை; கடவுளே மனிதனாக வருவார் என்றல்ல. ஏசு தந்தையிடம் ஜெபித்தார், தந்தை தன்னைவிடப் பெரியவர் என்றார். தன்னிடமே எப்படி ஒருவர் ஜெபிக்க முடியும்?

மறுபக்கத்துக்கும் பைபிளே ஆதாரம். உயிர்த்தெழுந்தவரைக் கண்ட தோமையார் அவரைத் தன் கடவுள் என்றே அழைத்தார். மத்தேயு நற்செய்தியின் முடிவில் ஞானஸ்நானக் கட்டளை மூவரின் பெயரால் வருகிறது. இவற்றைவிட ஆழமானது ஒரு வாதம்: சிலுவையில் இறந்தவர் மனிதர் மட்டுமே என்றால், அது இன்னொரு நல்லவரின் சாவு. மனிதனின் துன்பத்தில் கடவுளே இறங்கிப் பங்கெடுத்தார் என்ற நம்பிக்கை அத்தோடு போய்விடும். அத்தனாசியஸ் ஐந்து முறை நாடு கடந்தது இலக்கணத்துக்காக அல்ல, இதற்காக.

வேடிக்கை என்னவென்றால், ராய் விதைத்த பிரம்ம சமாஜத்திலிருந்தே திரித்துவத்துக்கு இந்திய விளக்கமும் முளைத்தது. 1882ல் கேசவ சந்திர சென் அதை சத்-சித்-ஆனந்தத்தோடு இணைத்துக் கல்கத்தாவில் சொற்பொழிவாற்றினார். அவரது வட்டத்திலிருந்து வந்து கத்தோலிக்கரான பிரம்மபாந்தவ் உபாத்யாய், மூவொரு கடவுளை சச்சிதானந்தமாகப் போற்றி 1898ல் சமஸ்கிருதத் துதிப்பாடல் இயற்றினார். பிரெஞ்சுக் குருக்கள் மோன்ஷனானும் லெ சோவும் 1950ல் குளித்தலை அருகே காவிரிக் கரையில் அமைத்த சாந்திவனத்தின் முறையான பெயர் சச்சிதானந்த ஆசிரமம். ‘மூன்று’ இந்தியனுக்குப் புரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சர்ச்சை ஏட்டோடு முடிவதல்ல. கிறிஸ்தவர் யார் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 1947ல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை, நைசியா விசுவாசப் பிரமாணத்தை ஏற்றே ஒன்றிணைந்தது. உலகச் சபைகள் மன்றம் 1961ல் புதுடெல்லியில் கூடியபோது பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற சொற்களைத் தன் உறுப்பினர் அடிப்படையில் சேர்த்தது. மார்மன்களின் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001ல் வத்திக்கான் அறிவித்தது. அவர்களும் மூவரின் பெயரால்தான் ஞானஸ்நானம் தருகிறார்கள். சொல் ஒன்றே, பொருள் வேறு என்றது வத்திக்கான். இன்னொரு கோடியில் ‘ஏசுவின் பெயரால் மட்டுமே’ ஞானஸ்நானம் தரும் ஒருமைப் பெந்தெகொஸ்தேக்காரர்கள். அவர்களுக்கு ஏசு முழுக் கடவுள். மூன்று ஆட்கள் என்பதுதான் தவறு.

சமரசத்துக்கும் முன்னுதாரணம் உண்டு. கிறிஸ்துவின் தெய்வ இயல்பும் மனித இயல்பும் எப்படி இணைகின்றன என்ற தகராறில் 451ல் கிழக்கத்திய சபைகள் பிரிந்தன. அந்தப் பிளவு கேரளம் வரை நீண்டது. 1984ல் போப் இரண்டாம் ஜான் பாலும் சிரியன் ஆர்த்தடாக்ஸ் பிதாப்பிதா முதலாம் ஸக்காவும், சண்டை பெரும்பாலும் சொற்களைப் பற்றியதே, நம்பிக்கை ஒன்றுதான் என்று கூட்டறிக்கை விட்டார்கள். கேரளத்தில் இரு சபையினருக்கிடையே கலப்புத் திருமணங்களுக்கு வழி திறந்தது. பதினைந்து நூற்றாண்டு விரோதத்தின் பலன் சாதாரணக் குடும்பங்களின் கல்யாணப் பந்தலில் தெரிந்தது.

திரித்துவத்தை ஏற்பவர்களுக்கும் மறுப்பவர்களுக்கும் இடையே அப்படியோர் அறிக்கை வர வாய்ப்பில்லை. இங்கே வித்தியாசம் சொல்லில் மட்டும் இல்லை. ஆனால் சேர்ந்து வாழ ஒத்த கருத்து தேவையில்லை என்பதற்கு இந்தியச் சட்டம் சாட்சி. ஏசுவைக் கடவுளின் முதல் படைப்பாகக் கருதும் யெகோவாவின் சாட்சிகள் கேரளத்தில் உண்டு. அந்தப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் 1985ல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. யெகோவாவைத் தவிர வேறு எதையும் துதிப்பதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. ஒரு நம்பிக்கை நமக்கு நியாயமாகப் படுகிறதா என்பது கேள்வியே இல்லை, அது மனப்பூர்வமானதா என்பதே கேள்வி என்றார்கள் நீதிபதிகள். செர்வேட்டஸை விசாரித்தவர்களிடம் இல்லாத தெளிவு அது.