காய்ச்சல் போச்சு, களைப்பு ஏன் போகல?

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம ஊர்ல மூணு சீசன் ஒண்ணா வரும்: வடகிழக்குப் பருவமழை, டெங்கு, செமஸ்டர் எக்ஸாம். ஒவ்வொரு வருஷமும் ஹாஸ்டல்ல சிலர் காய்ச்சலோட வீட்டுக்குப் போறாங்க, பத்துப் பதினைஞ்சு நாள் கழிச்சு திரும்பி வர்றாங்க. பிளேட்லெட் ஏறியாச்சு, டெம்பரேச்சர் நார்மல். ஆனா மூணாவது மாடி ஏறுறதுக்குள்ள கால் நடுங்குது. ஒரு பக்கம் படிச்சு முடிக்கும்போது முதல் பாரா மறந்து போகுது. "இன்னுமாடா காய்ச்சல்னு சீன் போடுற?"னு யாராவது கேட்பாங்க. யாரும் கேட்கலைன்னா நம்ம மனசே கேட்கும்.

இந்தக் கட்டுரை அப்படித் திரும்பி வந்தவங்களுக்கும், அவங்களோட ரூம்மேட்களுக்கும்.

இது சாக்கு இல்ல

காய்ச்சல் இறங்கிட்டா நோய் முடிஞ்சதுன்னு நாம நினைக்கிறோம். டெங்குல காய்ச்சல் இறங்கும் அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆபத்தான கட்டம் என்று டாக்டர்கள் எச்சரிப்பாங்க. அந்தக் கட்டம் தாண்டின பிறகும் உடம்பு பழைய நிலைக்கு வர நாள் ஆகும். பெரும்பாலானவங்க சில வாரங்கள்ல தேறிடுவாங்க. சிலருக்கு மாசக்கணக்கில் இழுக்கும். சிக்குன்குனியா வந்தவங்களுக்கு காலையில எழுந்தா விரல் மடக்க முடியாத மூட்டுவலி மாசக்கணக்கில் இருக்கலாம். அந்தப் பேரே தான்சானியா பக்கத்து மகோண்டே மொழியில் "வளைஞ்சு போவது" என்ற அர்த்தத்தில் வந்தது.

லாங் கோவிட் வந்த பிறகுதான் பலருக்கும் இந்த விஷயம் தெரிஞ்சது. ஆனா அதுக்கு முன்னாடியே ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊர்ப் பகுதியில் ஒரு முக்கியமான ஆய்வு நடந்து, 2006ல் வெளியாச்சு. மூணு வெவ்வேறு தொற்று வந்த 253 பேரை தொடர்ந்து கவனிச்சாங்க. அந்த மூணுல ஒண்ணு ராஸ் ரிவர் வைரஸ். சிக்குன்குனியாவின் பங்காளி மாதிரி, அதுவும் கொசு மூலமா வந்து மூட்டுவலி தரும். ஆறு மாசம் கழிச்சும் சுமார் 12% பேர் அன்றாட வேலையைப் பாதிக்கும் களைப்போட இருந்தாங்க. எந்தக் கிருமி, என்ன வயசு, ஏற்கனவே மனநலப் பிரச்சனை இருந்ததா என்பதெல்லாம் பெரிய வித்தியாசம் பண்ணல. ஆரம்பத்தில் நோய் எவ்வளவு கடுமையா இருந்தது என்பதுதான் முக்கியமா தீர்மானிச்சது. அதாவது, "அவன் மனசு வீக், அதான் எழுந்திருக்கல" என்ற பேச்சுக்கு அங்கே ஆதாரம் கிடைக்கல.

இன்னொரு பயம்: காய்ச்சல் வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தா கொட்டும். கடும் காய்ச்சலில் நிறைய முடிவேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போறதால் வருவது இது. பொதுவா சில மாசத்தில் மறுபடி வளர்ந்துடும்.

மனசு ஏன் சோர்ந்து போகுது?

ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, நேரடியா உடம்பு சம்பந்தப்பட்டது. வைரஸை எதிர்க்க நம்ம உடம்பு இன்டர்ஃபெரான் போன்ற ரசாயன சிக்னல்களை அனுப்பும். இது மூளையையும் தொடும். ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு முன்னாடி இன்டர்ஃபெரானையே ஊசி மருந்தா கொடுத்தாங்க. அதை எடுத்தவங்கள்ல பலருக்கு கடும் களைப்பும், சிலருக்கு மன அழுத்த நோயும் வந்தது. மருந்தா உடம்புக்குள்ள போன ஒரு சிக்னலே இவ்வளவு செய்யும்னா, நோய்க்குப் பிறகு வரும் எரிச்சல், அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் "ஓவர் திங்கிங்" மட்டும் இல்லன்னு புரியும்.

ரெண்டாவது, நம்ம சூழ்நிலை. இன்டர்னல் போச்சு, ரெக்கார்ட் பாக்கி, பிளேஸ்மென்ட் டெஸ்ட் பக்கத்துல. நல்லா இருக்கிறவனுக்கே டென்ஷன் வரும். ரெண்டும் சேர்ந்து வந்தா தாங்குறது கஷ்டம்.

கீசர் பிரச்சனை

ஹாஸ்டல் பாத்ரூம்ல ஹாட் வாட்டர் குழாயைத் திறக்குறீங்க. தண்ணி சில்லுனு வருது. இன்னும் திருகுறீங்க. அப்பவும் சில்லு. முழுசா திருகுறீங்க. திடீர்னு முதுகு வேகுற சூட்டில் வரும். அலறிக்கிட்டு மூடினா மறுபடி சில்லு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல டெட் டைம்னு படிச்சோமே, அதுதான். ஃபீட்பேக் லேட்டா வந்தா சிஸ்டம் மேலேயும் கீழேயும் ஆடும்.

வைரஸுக்குப் பிறகு நீடிக்கும் களைப்பில் பலருக்கு இதே கதை. இன்னைக்கு ஓடினதுக்கான பில் இன்னைக்கு வராது. பெரும்பாலும் 12ல இருந்து 48 மணி நேரம் கழிச்சு வரும். அதனால "இன்னைக்கு நல்லா இருக்கு"ன்னு சனிக்கிழமை டிபார்ட்மென்ட் மேட்ச் ஆடுறவன் திங்கட்கிழமை படுக்கையில் கிடப்பான். மேட்ச்தான் காரணம்னு அவனுக்கே தோணாது. கொஞ்சம் தேறினதும் விட்ட பாடத்தையெல்லாம் ஒரே ராத்திரியில் பிடிக்கப் பார்ப்பான். மறுபடி விழுவான். உடம்பால ஓடினா மட்டும் இல்ல, அஞ்சு மணி நேரம் கோடிங் பண்ணினாலும், மனசுக்கு அதிர்ச்சி வந்தாலும் இதே நடக்கலாம்.

அதனால முக்கியமான விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்: இன்னைக்கு எப்படி இருக்குன்னு பார்த்து இன்னைய வேலையை முடிவு பண்ணாதீங்க. லிமிட்டை முன்னாடியே வைங்க. நல்லா இருக்கிற நாள்லயும் அதைத் தாண்டாதீங்க.

நடைமுறையில் எப்படி?

• ஒரு வாரம் நோட்டில் எழுதுங்க: என்ன செஞ்சேன், எவ்வளவு நேரம், அடுத்த ரெண்டு நாள் எப்படி இருந்தது. உங்க லிமிட் அதிலேயே தெரியும்.

• அந்த லிமிட்டுக்குக் கொஞ்சம் கீழே பிளான் பண்ணுங்க. இருபது நிமிஷம் படிப்பு, பத்து நிமிஷம் கண்ணை மூடி படுக்கை. ரீல்ஸ் பார்ப்பது ஓய்வுக் கணக்கில் வராது.

• ஒரு வாரம் விழாம போனா மட்டும் கொஞ்சம் கூட்டுங்க.

• ஜிம், ஃபுட்பால் எல்லாம் டாக்டரைக் கேட்ட பிறகு. சில வைரஸ்கள் இதயத் தசையையும் பாதிக்கும்.

• "கஷ்டமா இருந்தாலும் எக்சர்சைஸ் பண்ணு, சரியாயிடும்" என்ற அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. உழைச்சா மோசமாகும் நாள்பட்ட களைப்பு நோய்க்கு, உடற்பயிற்சியை வாராவாரம் கட்டாயமா கூட்டும் முறையை பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021ல் தன் வழிகாட்டுதலில் இருந்து நீக்கிடுச்சு.

• டிஸ்சார்ஜ் சம்மரி, மெடிக்கல் சர்டிபிகேட் ரெண்டையும் வந்த முதல் வாரமே கிளாஸ் அட்வைசர்கிட்ட கொடுங்க. அட்டெண்டன்ஸ் 75%க்குக் கீழே போனா காண்டனேஷன் கேட்க அதுதான் ஆதாரம். செமஸ்டர் கடைசியில் ஓடாதீங்க. அந்த ஓட்டத்துக்கும் எனர்ஜி வேணும்.

எப்போ டாக்டர்?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், திரும்பக் காய்ச்சல் என்றால் உடனே. களைப்பு சில வாரத்துக்கு மேல் நீடிச்சாலும் போங்க. ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு இதெல்லாமும் இதே மாதிரி களைப்பு தரும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியும், சிகிச்சையும் இருக்கு. எழுந்து நின்னா மட்டும் தலைசுத்தலும் படபடப்பும் வந்தா அதைத் தனியா சொல்லுங்க. படுத்திருக்கும்போதும், நின்னு பத்து நிமிஷத்திலும் பல்ஸ் எண்ணிப் பார்த்து குறிச்சு எடுத்துட்டுப் போனா டாக்டருக்கு உதவும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்ல நீங்களா மாத்திரை வாங்காதீங்க. டெங்கு இல்லைன்னு உறுதியாகும் வரை ஆஸ்பிரின், ஐபூப்ரோஃபென் ஆபத்து.

மனசு ரொம்பத் தாழ்ந்து போனா, வாழ்றதே வேண்டாம்னு தோணினா, 14416க்கு கால் பண்ணுங்க. அது மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியா, ரூம்மேட்களுக்கு. "எப்போடா சரியாவ?"ன்னு கேட்டா அவன்கிட்ட பதில் இருக்காது. "இன்னைக்கு எது கஷ்டமா இருக்கு?"ன்னு கேளுங்க. மெஸ்ல இருந்து சாப்பாடு எடுத்துட்டு வாங்க, நோட்ஸ் போட்டோ அனுப்புங்க. அவன் சிரிச்சுக்கிட்டு நல்லா இருக்கிற நாளில் மேட்சுக்கு இழுக்காதீங்க. அந்த ஒரு நாளைக் காப்பாத்தினா அடுத்த மூணு நாள் கிளாஸுக்கு வருவான்.