மகளுக்கு எழுதிய வளவும் கடலும்

அட்டாளைச்சேனையைத் தாண்டிக் கல்முனைக்குப் போகும் வழியில், ஒலுவிலுக்கு முன் வரும் கடலோர ஊர் பாலமுனை. கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டை. கரைவலையும் வேளாண்மையும் சேர்ந்தே இந்த ஊரை வளர்த்தன.

போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் 1626இல் அவர்களை, இக்கரையையும் உள்ளடக்கிய மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இக்கரையின் குடிமுறையோ தாய்வழியில் வருவது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வார். வீடும் வளவும் மகளின் பெயரில் எழுதப்படும். பாய் இழைக்கும் பெண்களின் வாழ்வை, இவ்வூர்க் கவிஞர் பாலமுனை பாறூக் 'தோட்டுப்பாய் மூத்தம்மா' என்ற குறுங்காவியமாகவே தந்திருக்கிறார். ஊரின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பெண்களின் வளவுகளில்தான் இருக்கிறது. அதனால்தான் இங்கே கடலரிப்பு ஒரு சாண் நிலத்தைத் தின்றாலும் அது ஒரு மகளின் பங்கைத் தின்பதாகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது, இவ்வூர் அடங்கிய அம்பாறை மாவட்டம். அந்தக் காயம் ஆறுமுன்பே, 2008இல் பக்கத்து ஒலுவிலில் டென்மார்க் கடனுதவியுடன் துறைமுக வேலை தொடங்கியது. முன்னாள் துறைமுக அமைச்சர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் இக்கரைக்காகக் கண்ட கனவு அது. 2013 செப்டம்பரில் திறந்தார்கள். வணிகக் கப்பல்களை நம்பியிருந்த ஊர்களுக்குக் கிடைத்தது வேறு.

இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய அலைதடுப்புக் கற்சுவர் அதை மறித்துவிட்டது. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயிலும் தூர்ந்தது, படகுகள் உள்ளே வர முடியாமல் தவித்தன. வடக்கே மணல் வரத்து நின்றதும் கடல் கரையையே அரித்தது. ஒலுவிலில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அரிப்பு நிந்தவூர் வரைக்கும் நீண்டது. அரிப்பைத் தடுக்கக் கல் போட்ட இடத்தில் கடல் நின்றாலும், கல் முடியும் இடத்தில் மறுபடி அரிக்கத் தொடங்கும். கரைவலை இழுக்க மணல் வேண்டும். கற்குவியலில் வலை கிழியும்.

ஜெர்மனியின் சில்ட் தீவும் இப்படிக் கடலுக்குக் கரையை இழந்துகொண்டிருந்த இடம்தான். 1972 முதல் அங்கே கடலடி மணலை அள்ளி வந்து கரையில் கொட்டிக் காக்கிறார்கள். செல்வந்தர் விடுமுறைக்கு வரும் தீவுக்கு அது முடிகிறது. கரைவலைக்காரரின் ஊருக்கும் அது முடிய வேண்டும். ஒலுவில் துறைமுக வாயிலில் தோண்டும் மணல் வடக்குக் கரைக்கே வர வேண்டும். அந்தச் செலவைத் துறைமுகத்தின் கணக்கிலேயே ஆண்டுதோறும் எழுத வேண்டும். நிவாரணம் என்ற பெயரில் அல்ல.