அரிக்காத சிரங்கு

சாதாரணச் சிரங்கு கண்டவரின் உடல் முழுவதும் தேடினாலும், அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத சிரங்கு உண்ணிகள் சராசரியாகப் பத்துப் பதினைந்துதான் தேறும். பொருக்குச் சிரங்கு எனப்படும் அதன் கடுமையான வடிவத்திலோ அவை ஆயிரக்கணக்கிலும், சிலரிடம் பத்து லட்சத்துக்கு மேலும் பெருகிவிடுகின்றன. 1848இல் டேனியல்சன், போக் என்னும் நார்வே மருத்துவர்கள் தொழுநோயாளிகளிடம் கண்டு விவரித்ததால் ‘நார்வேச் சிரங்கு’ என்றும் வழங்கப்பட்ட இந்நோய், இன்று மூப்பினால் தளர்ந்தவர்களையும் நோயெதிர்ப்பு குன்றியவர்களையும் பெரிதும் பற்றுகிறது.

உண்ணிகள் இவ்வளவு மலிந்தும் பலருக்கு அரிப்பு மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருப்பதுதான் இதன் விந்தை. தோலின் மேலடுக்கைக் குடைந்து வாழும் உண்ணிக்கும் அதன் முட்டைக்கும் எச்சத்துக்கும் எதிராக உடல் காட்டும் ஒவ்வாமையே அரிப்பாக உணரப்படுகிறது; அதனால் சொறியும்போது நகம் பட்டு உண்ணிகளும் அழிகின்றன. உணர்வு மங்கி, கையும் ஓய்ந்த முதியவரிடம் இந்தத் தற்காப்பு நின்றுவிடுவதால், காவலாள் கண்ணயர்ந்த கழனியில் எலி பெருகுவதுபோல் அவை பெருகுகின்றன.

விரலிடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால், முழங்கை, தலை ஆகிய இடங்களில் சாம்பல் நிறப் பொருக்கு படர்ந்து, நகங்களும் தடிக்கையில், அது சொரியாசிஸ் என்றோ கரப்பான் என்றோ வயதுக்குரிய வறட்சி என்றோ எளிதில் தவறாகக் கொள்ளப்படுகிறது. அந்த நம்பிக்கையில் தடவப்படும் ஸ்டீராய்டு களிம்பு சிவப்பைத் தணித்து நோயை மறைப்பதோடு, தோலின் எதிர்ப்பையும் அடக்கி உண்ணிகளுக்கே துணைபோகிறது. நோயாளி சொறியாதபோதும் அவரைக் குளிப்பாட்டித் துணி மாற்றுபவர்களுக்கு இரவில் அரிப்பெடுப்பது பல வேளைகளில் முதல் துப்பாக அமைகிறது.

நோயை உறுதிசெய்வது கடினமன்று. பொருக்கைச் சுரண்டியெடுத்து, மினரல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் வைத்தால், எட்டுக்கால் உண்ணிகளும் நீள்வட்ட முட்டைகளும் பழுப்பு நிற எச்சத் துகள்களும் கூட்டமாகவே தென்படும். ஐவர்மெக்டின் மாத்திரையைப் பல தவணைகளாகத் தந்து, பெர்மெத்ரின் களிம்பை உடலெங்கும் தடவி, உடனிருப்பவர்களுக்கும் ஒரே சமயத்தில் மருத்துவம் செய்தால் நோய் தீரும்.

சில நிமிடங்களில் முடியும் இச்சோதனை தள்ளிப்போவதற்குக் காரணம் கருவியின்மையன்று. முதியவரின் தோல் அப்படித்தான் இருக்கும் என்ற அலட்சியமே. சீட்டில்லாமல் வாங்கிய களிம்பை மாதக்கணக்கில் பூசுவதைவிட, விரலிடுக்கை ஒருமுறை விரித்துப் பார்த்து மருத்துவரிடம் காட்டுவது, நோயாளியோடு வீட்டிலுள்ள அனைவரையும் காக்கும்.