வீட்டுச் சுரைக்காய் முட்டைக்கு உதவுமா?

கொல்லையில் சுரைக்கொடி போட்டவருக்கு முதல் காய் காய்க்கும்போது வருகிற பெருமை இருக்கிறதே... அடேயப்பா! ரெண்டாவது வாரம் அக்கம்பக்கத்துக்கு விநியோகம். மூணாவது வாரம் ஆபீஸுக்கு ஒரு பை. நாலாவது வாரம் நீங்கள் பையோடு வருவதைப் பார்த்தாலே ஹெட்கிளார்க் ஃபைலுக்குள் தலையைப் புதைத்துக் கொள்வார். வீட்டிலோ காலையில் கூட்டு, மத்தியானம் சாம்பார், ராத்திரி அடை... எல்லாம் சுரைக்காய் மயம்!

அப்போதுதான் பலருக்கும் அந்த 'ஐடியா' உதிக்கும். "நாலு கோழி வாங்கி விட்டால் என்ன? மிஞ்சின காய்கறி தீவனமாச்சு, தீவனம் முட்டையாச்சு. செலவே இல்லாத வரவு!"

தாம்பரம் தாண்டி, லோன் போட்டு வீடு கட்டிய நண்பர் ஒருவர் இப்படித்தான் ஆறு கோழி வாங்கினார். பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு தினம் ஒரு முட்டை. அதுதான் லட்சியம். முதல் மாசம் ஜோராகப் போயிற்று. தீவன மூட்டை தீர்ந்ததும், "எதுக்கு தண்டச் செலவு?" என்று சுரைக்காய், வெள்ளரி, முற்றின வெண்டைக்காய் மட்டும் போட ஆரம்பித்தார். மூணே வாரத்தில் ஆறும் 'ஸ்ட்ரைக்'! "வித்தவன் ஏமாத்திட்டான்யா!" என்று புலம்பினார்.

விற்றவன் மேல் தப்பில்லை ஸார், கணக்கில்தான் தப்பு. கோழியின் பேரேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.

செலவுப் பக்கம்: ஒரு முட்டைக்கு சுமார் 6 கிராம் புரதம். ஓட்டுக்கு சுமார் 2 கிராம் கால்சியம்.

வரவுப் பக்கம்: முட்டைக்கோழி ஒரு நாளைக்குத் தின்பது 100 முதல் 120 கிராம் தீவனம். அதில் 16 முதல் 18 சதவிகிதம் புரதம் இருந்தால்தான் கட்டுபடியாகும். சுரைக்காயிலும் வெள்ளரியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்! 100 கிராம் சுரைக்காயில் ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. கோழியின் தீனிப்பையோ சின்னது. அதைத் தண்ணீரால் ரொப்பிவிட்டால் தீவனத்துக்கு இடமேது? கொஞ்ச நாள் தன் உடம்பைக் கரைத்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து முட்டையிடும். கையிருப்பு தீர்ந்ததும் கடையை மூடிவிடும்.

அப்படியானால் காய்கறியே கூடாதா? தாராளமாகக் கொடுக்கலாம், பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல். காலையில் தீவனம், மத்தியானத்துக்கு மேல் காய்கறி. சுரை, பூசணி, வெள்ளரியை நீளவாட்டில் பிளந்து வைத்தால் போதும், சதையைக் கொத்திச் சுத்தம் செய்துவிடும். கீரையைக் கட்டாகக் கட்டி, எட்டிக் கொத்துகிற உயரத்தில் தொங்கவிடுங்கள். அடைத்து வைத்த கோழிகள் பொழுது போகாமல் ஒன்றையொன்று கொத்திக் கொள்கிற சண்டை குறையும். கீரையில் இருக்கிற நிறமிகளால் மஞ்சள்கரு 'பளிச்'சென்று இருக்கும். மிஞ்சினதில் முதல் மார்க் முருங்கைக்கீரைக்கு: 100 கிராமில் 6 கிராமுக்குக் குறையாத புரதம். பாலக்கீரை மட்டும் அளவோடு. அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப் போட்டுவிடும். முட்டை ஓட்டைக் காயவைத்து நொறுக்கியோ, கிளிஞ்சல் தூளாகவோ தனியே வைப்பது நல்லது.

கொடுக்கவே கூடாத அயிட்டங்களும் உண்டு. பச்சை பாரித்த உருளைக்கிழங்கும் அதன் தோலும் விஷம். மரவள்ளியின் பச்சை இலை, தோலில் சயனைடு உண்டாகும். வேகாத ராஜ்மா, 'பட்டர் ஃப்ரூட்' இரண்டும் ஆபத்து. ஊறுகாய், உப்புக் கருவாடு வேண்டாம். பூஞ்சணம் பிடித்தது எதுவானாலும் குப்பைக்கு. "கோழிதானே, தின்னட்டும்" என்று போட்டால் கோழி போய்விடும். பூச்சிமருந்து அடித்த காயும் அப்படியே. தின்றது போக மிஞ்சினதை சாயங்காலமே அள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி எலிகளுக்கு விருந்து!

பிரிட்டனில் இதற்கு ஒரு வேடிக்கையான சட்டமே இருக்கிறது. 2001-ல் அங்கே மாடுகளுக்குக் கோமாரி பரவியபின், சமையலறை மிச்சத்தைக் கால்நடைக்குப் போடக் கூடாது என்று கெடுபிடி வந்தது. கோழிக்கும் சேர்த்துத்தான். தோட்டத்தில் பறித்த காய் நேராகக் கோழிக்குப் போகலாம். சமையலறைக்குள் போய்விட்டு வந்தால் குற்றம்! சமையலறையில் அது இறைச்சியோடு ஒட்டி உறவாடியிருக்குமே என்ற பயம்தான் காரணம்.

தாம்பரத்து நண்பர் மறுபடி தீவன மூட்டை வாங்கினார். ஒரு மாசம் பொறுமையாக இருந்தார். இப்போது பையனின் டிபன் பாக்ஸில் முட்டை தவறுவதில்லை. கோழி எச்சத்தை மூணு மாசத்துக்கு மேல் மக்கவிட்டு செடிகளுக்குப் போடுகிறார். பச்சையாகப் போட்டால் வேர் கருகிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், கோழிக்குத் தீவனம்தான் சம்பளம். சுரைக்காய் தீபாவளிப் பட்சணம். பட்சணத்தை மட்டும் கொடுத்துவிட்டு சம்பளத்தை நிறுத்தினால், நாமே வேலைக்குப் போவோமா என்ன?