தொட்டிக்குள் ஒரு கரை

பெருநாள் காசில் பிள்ளைகள் வாங்கிவரும் உயிர்களில் சிவப்புக் கொடுக்கு நண்டும் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மீன் தொட்டிக்குள்ளேயே போடலாம், மீன் தீனியே போதும் என்று சொல்லித் தண்ணீர்ப் பையில் கட்டிக் கொடுப்பார்கள். மாளிகாவத்தைத் தொடர்மாடியில் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. பதினொராம் நாள் காலையில் தொட்டியில் அதைக் காணோம். பிரிட்ஜை இழுத்துப் பார்த்தால், பின்னால் தூசி ஒட்டிச் சருகாய்க் காய்ந்து கிடந்தது. தொட்டியில் ஏறி நிற்க ஓர் இடம் இல்லை. அதைத் தேடித்தான் இறங்கிப் போயிருக்கிறது என்பது எனக்கு விளங்க நாளாயிற்று.

இது கண்டல் காட்டு நண்டு. கடைக்கு வருபவை தென்கிழக்காசியப் பக்கத்தவை. இதன் உறவுகள் நம் நீர்கொழும்புக் களப்பின் கண்டல் வேர்களிலும் திரிகின்றன. வற்று நேரத்தில் சேற்றிலும் வேரிலும் ஏறி நடக்கும், வளை தோண்டும், மறுபடி தண்ணீருக்குள் இறங்கும். மீனைப் போல இதற்கும் செவுள்தான் மூச்சு. ஆனால் அந்தச் செவுள் ஓட்டுக்கு உள்ளே ஓர் அறையில் இருக்கிறது. அதில் கொஞ்சம் தண்ணீரை அடைத்துக்கொண்டே நண்டு கரையேறும். அதை வாயருகே வெளியே விட்டு, உடம்பின் நுண்மயிர்களில் பரப்பி, காற்றுப் பட்டதும் திரும்ப உள்ளே இழுக்கும். நண்டு அசையாமல் நிற்கும்போது டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: வாயின் இரு பக்கமும் மெல்லிய ஈரப் படலம் நடுங்கி மினுங்கும். ஓயாமல் நுரை தள்ளினால் தொட்டித் தண்ணீரைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே இரண்டடி நீளத் தொட்டி ஒன்றில் நாலைந்து அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டால் போதும். மூன்றிலொரு பங்காவது கரையாக இருக்கட்டும். கல்லை அடுக்கி, மேலே ஈர மணல் பரப்பி, ஒளிந்துகொள்ளச் சிரட்டை ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம். மூடி கட்டாயம். காற்றுக் குழாய் நுழையும் சின்ன இடுக்கே நண்டுக்கு வாசல். அதைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். மூடி இருந்தால் உள்ளே காற்றும் ஈரமாக இருக்கும். செவுள் காயாமல் இருக்க அது வேண்டும்.

கடையில் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது உப்பு. கண்டல் காட்டுத் தண்ணீர் நன்னீருமல்ல, கடல்நீருமல்ல. கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பை லீற்றருக்கு 8 முதல் 10 கிராம் வரை கரைத்தால் கடலின் கால்பங்கு உப்பு வரும். சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. வெள்ளவத்தைக் கடற்கரையில் போத்தலில் அள்ளி வருவதையும் நான் வேண்டாம் என்பேன், அங்கே நகரத்துக் கால்வாய் வந்து விழுகிறது. தண்ணீர் வற்றினால் உப்பில்லாத தண்ணீரையே ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுந்தான், உப்பு உள்ளேயே நிற்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. ஒரு நாள் திறந்து வைத்தோ, அன்டி குளோரின் துளி விட்டோதான் சேர்க்க வேண்டும்.

இனி, கொழும்பில் நண்டு வளர்ப்பவர் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது நுளம்பு மருந்து. நுளம்பும் நண்டும் கணுக்காலிகள். நுளம்புச் சுருளிலும் ஸ்பிரேயிலும் இருக்கும் பைரெத்திராய்ட் மருந்து நம்மை அவ்வளவாகப் பாதிக்காத அளவிலேயே நண்டைக் கொன்றுவிடும். தொட்டி இருக்கும் அறையில் சுருள் கொளுத்தாதீர்கள், வலை கட்டிப் படுங்கள். டெங்குப் புகை அடிக்க வந்தால் தடுக்க வேண்டாம். டெங்கு பிள்ளைகளைக் கொல்லும் நோய். புகை வருமுன் காற்று மோட்டரை நிறுத்துங்கள், அது ஓடினால் புகையை இழுத்துத் தண்ணீருக்குள்ளேயே ஊதும். நண்டைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு மூடியுள்ள வாளியில் போட்டுக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். தொட்டியையும் ஈரத் துணியால் மூடிவிடுங்கள். மீன் மருந்திலும் கவனம் வேண்டும், செம்பு கலந்தது நண்டுக்கு நஞ்சு. இன்னொன்று: மீனில்லாத, அசையாத தண்ணீரில் நுளம்பே முட்டையிடும். ஸ்பொன்ஜ் பில்டர் ஒன்று ஓடினால் மேற்பரப்பு அசைந்துகொண்டிருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தாலும் அச்சமில்லை.

சாப்பாடு எளிது. காய்ந்து விழுந்த கொட்டம்பா இலை இதற்குப் பிரியம், காட்டிலும் உதிர்ந்த இலைதான் பெரும்பாலும் உணவு. கிழமைக்கு இரண்டு தரம் சின்ன இறால் துண்டு. சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு கணவாய் ஓடு. ஆண்கள் இரண்டை ஒன்றாகப் போட்டால் சண்டைதான். வயிற்றுப் பக்கம் மடிந்திருக்கும் மடல் ஒடுக்கமானால் ஆண், அகன்றால் பெண்.

நன்னீரே போதுமான நண்டு வேண்டுமென்றால் ‘வம்பயர்’ நண்டு இருக்கிறது. ஜாவாவைச் சேர்ந்த இரண்டு இனங்கள் நெடுநாள் கடைகளில் விற்ற பிறகே 2015இல் அறிவியல் பெயர் பெற்றன. மலையகத்து ஓடைகளில் நண்டு பிடித்து வருவது மட்டும் வேண்டவே வேண்டாம். 2005இல் வெளியான ஆய்வொன்றின்படி இலங்கையின் 51 நன்னீர் நண்டு இனங்களில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உலகில் வேறெங்கும் இல்லை. சில, ஒரு சிறு பிரதேசத்துக்கு வெளியே காணப்படுவதே இல்லை. அதேபோல, அலுத்துப்போன கடை நண்டைக் கால்வாயில் விடவும் கூடாது. கடைக்கோ, வளர்க்கும் இன்னொருவருக்கோ கொடுங்கள்.

ஒரு நாள் காலையில் பிள்ளை, “உம்மா, நண்டு செத்துட்டு!” என்று கத்தும். உடனே எடுத்து வீசாதீர்கள், அது நண்டு கழற்றிப் போட்ட ஓடாகவும் இருக்கலாம். மோந்து பாருங்கள்: செத்த நண்டு ஒரே நாளில் நாறும், கழற்றிய ஓட்டில் அந்த நாற்றம் இல்லை. கண்கள் இருந்த இடம் கண்ணாடிபோல வெறுமையாக இருக்கும், பின்பக்கம் பிளந்திருக்கும். நண்டு சிரட்டைக்குள் மெழுகுபோல மென்மையாகப் பதுங்கியிருக்கும். சிரட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், இறாலும் போட வேண்டாம். பழைய ஓட்டை அங்கேயே விடுங்கள். சில நாளில் வெளியே வந்து அதைத்தான் முதலில் கடித்துத் தின்னும். முன்பு ஒரு காலை இழந்திருந்தால், அந்த இடத்தில் சிறிய புதுக் கால் ஒன்று முளைத்திருப்பதையும் காணலாம்.