பள்ளித் தோட்டத்துக் கீரை தட்டுக்கு வர வேண்டும்

கேரளத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 39.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னால் நிற்கும் மாநிலத்தின் நிலை இது. ரத்தசோகையைக் குறைக்கப் பள்ளித் தோட்டம் கைகொடுக்குமா? கொடுக்கும், ஆனால் செடி வளர்ப்பதோடு வேலை முடிந்துவிடக் கூடாது.

திட்டம் என்ன?

மதிய உணவு வழங்கும் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க 2019-இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளைவது பிள்ளைகளின் மதிய உணவில் சேர வேண்டும். இடமில்லாத நகரப் பள்ளிகள் தொட்டியிலும் சாக்கிலும், மொட்டைமாடியிலும்கூட வளர்க்கலாம்.

எதை வளர்ப்பது?

திருவனந்தபுரத்துக்குச் சிவப்புத் தண்டுக்கீரையைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. நகரை ஒட்டிய பாலப்பூர் நாட்டுக்கீரையிலிருந்து தேர்ந்தெடுத்து, கேரள வேளாண் பல்கலைக்கழகம் தந்த ரகம் ‘அருண்’. மழைக்காலத்தில் அதன் இலைகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். பூஞ்சையால் வரும் இலைக்கருகல் அது. நோயைத் தாங்கும் கோயம்புத்தூரின் பச்சை ரகமான கோ-1-ஐ இடையிடையே கலந்து விதைத்தால் பரவல் குறையும். இலைமேல் தண்ணீர் தெறிக்காமல் வேரடியில் ஊற்றுவதும் உதவும். ரசாயன மருந்து இல்லாமல் பயிரைக் காப்பது எப்படி என்பதைப் பிள்ளைகள் இந்த ஒரு பாத்தியிலேயே பார்த்துவிடலாம்.

சத்து உடம்பில் சேர

கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதில் உறிஞ்சாது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி உறிஞ்சலைக் கூட்டும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைக் குறைக்கும். கேரளத்துக் கீரைப் பொரியலான சீரத்தோரனைப் பரிமாறும்போதே ஆசிரியர் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

அனுபவம் சொல்வது

நேபாளத்தில் பள்ளித் தோட்டங்களை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பிள்ளைகளுக்குக் காய்கறி பற்றிய அறிவும் விருப்பமும் கூடின. சாப்பிடும் அளவு கூடவில்லை. பிறகு பள்ளித் தோட்டத்தோடு வீட்டுத் தோட்டத்தையும் இணைத்துப் பார்த்தார்கள். அப்போது சாப்பிடுவதும் கூடியது. காரணம் எளிது: வீட்டில் என்ன சமைப்பது என்று முடிவு செய்வது பெரியவர்கள்.

ஆகவே கீரை பறிக்கும் நாளில் பிள்ளைகளே ஆய்ந்து, அலசி, சமையல்கூடத்தில் கொடுத்து, அன்றே சாப்பிட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு பிடி விதையும் சமையல் குறிப்பும் கொடுத்தனுப்ப வேண்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. பாட அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரமும், அதை விட்டுக்கொடுக்காத தலைமையாசிரியரும் இருந்தால் போதும்.